கொய்யா மரத்துக்கு ஒரு மாலை

நவம்பர் 9, சனி

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. ஜாய்சன் ஆர்டர் போட்டிருந்த பார்சல் வந்தது. பிரித்தால் பச்சை வயர் ஒரு சுருள், அது நெடுக அரிசிமணி அளவு பல்புகள், கூடவே உள்ளங்கை அகலத்தில் ஒரு சோலார் தகடு. என் மகன் கப்பலில் எந்தக் கடலிலோ இருந்துகொண்டு வீட்டுத் தோட்டத்துக்கு வெளிச்சம் அனுப்புகிறான். ஊருக்கு வா என்றால் மட்டும் காண்ட்ராக்ட் முடியவில்லையாம்.

நான் கேட்டது ஒரே ஒரு பல்பு. பின்கதவிலிருந்து தோட்டத்துக் கோடியில் இருக்கும் பாத்ரூம் வரைக்கும் கண் தெரிந்தால் போதும். முன்பு கரண்ட் லைட் இருந்தது. கடல்காற்றில் வயர் அரித்துப்போய் சுவரில் ஷாக் அடிக்கவும் என் வீட்டுக்காரர் பவுல் பிடுங்கிப் போட்டுவிட்டார். வீட்டுக்குள்ளேயே பாத்ரூம் கட்டுகிறேன் என்று கல்யாணமான புதிதிலிருந்து சொல்லிக்கொண்டிருந்த மனிதர். கட்டவில்லை. அதற்குப் பதிலாக, ராத்திரி நான் எழுந்தால் அவரும் எழுந்து பின்கதவில் டார்ச் அடித்துக்கொண்டு நிற்பார், நான் திரும்பி வரும்வரை. தூக்கக் கலக்கத்தில் ஒரு வார்த்தை பேசமாட்டார்.

பிப்ரவரியில் அவர் போனபிறகு, பொழுது சாய்ந்தால் நான் தண்ணீர் குடிப்பதில்லை. இதை மகனிடம் எப்படிச் சொல்வது? இருட்டாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். “நீயே டார்ச் அடிச்சுட்டுப் போம்மா” என்றான். போய்ப் பார்த்தவள்தான். கையிலிருக்கும் டார்ச் காலடியைக் காட்டும், அவ்வளவுதான். முதுகுக்குப் பின்னால் இருட்டு அப்படியே நிற்கும்.

நவம்பர் 12, செவ்வாய்

எலக்ட்ரீஷியன் செந்தில்வேல் வந்தான். தோட்டத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். “இங்கன பூரா மர நிழலுல்லா அக்கா? தகட்டுக்கு வெயில் வேணும்.”

எங்களுடையது ஓட்டு வீடு. வெயில் விழுவது பக்கத்து வீட்டு மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில்தான். அது விஜிலா வீடு. விஜிலா பவுலின் தங்கை. இரண்டு தோட்டத்துக்கும் நடுவே இருக்கும் சுவரை உடைத்து, போக வர ஒரு சின்னக் கதவு வைத்ததே பவுல்தான். அந்தக் கதவு வழியாக மீன்குழம்பு அங்கே போகும், தேங்காய்ப்பால் ஊற்றிய சொதி இங்கே வரும். அவர் இறந்தபிறகு என்னோடு தினம் ஒருவேளையாவது பேசுகிற ஆள் அவள் மட்டும்தான்.

கேட்டதும் ஒத்துக்கொண்டாள். “போட்டுக்கிடுங்க மைனி. இருட்டுல விழுந்து கெடந்தா யாரு பாக்க?”

செந்தில்வேல் மாடியில் தகட்டைப் பொருத்தி, வயரை இந்தப் பக்கம் இறக்கினான். “வெயில் போச்சுன்னா தன்னால எரியும்க்கா. வெளிச்சம் வந்தா தன்னால அணைஞ்சிரும். நீங்க ஒண்ணுஞ் செய்யாண்டாம்” என்றான். பல்பு வயரைப் பாதை ஓரமாகச் சுவரில் ஆணி அடித்து நேராக இழுத்துவிட்டுப் போனான். பாத்ரூம் போக அது தாராளம்.

நவம்பர் 13, புதன்

ஆணியை எல்லாம் பிடுங்கிவிட்டேன். எனக்கே ஏன் என்று தெரியவில்லை. நேராக இழுத்தது ரயில்வே பிளாட்பாரம்போல இருந்தது. கொய்யா மரத்தில் கீழிருந்து சுற்றினேன், கிணற்றுக் கட்டைச் சுற்றிக் கொண்டுபோனேன், நந்தியாவட்டைக்குள் நுழைத்து, மிச்சத்தைப் பாத்ரூம் வாசலில் வளைவாகத் தொங்கவிட்டேன். ஸ்டூலில் ஏறி இறங்கி இடுப்பு போயிற்று. மத்தியானம் சோறு பொங்கவில்லை.

பொழுது சாய்ந்ததும் தன்னால் எரிந்தது. அதுவும் மின்னி மின்னி! விட்டு விட்டு எரிகிற மாதிரி வைத்துவிட்டுப் போயிருக்கிறான் பயல். அதை மாற்றுகிற பட்டன் தகட்டுக்குப் பின்னால் இருக்கிறதாம். நாளைக்கு விஜிலா வீட்டு மாடிக்குப் போய் மாற்றவேண்டும்.

நவம்பர் 20, புதன்

மாற்றவில்லை. மறந்துபோய் அல்ல. நன்றாக இருக்கிறது. கொய்யா இலைக்குள் மின்னுவது பார்க்க நன்றாகவே இருக்கிறது. இதை இங்கே மட்டும் எழுதுகிறேன்.

ராத்திரி ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தேன்.

டிசம்பர் 1, ஞாயிறு

தெருவில் எல்லார் வீட்டிலும் கிறிஸ்மஸ் ஸ்டார் ஏறிவிட்டது. எங்கள் வீட்டில் இல்லை. இறந்தவருக்கு வருசம் திரும்பி ஆண்டுப் பூசை முடியாத வீட்டில் ஸ்டார் தொங்கவிடுவதில்லை, குடில் வைப்பதில்லை, கேக் செய்வதில்லை. எனக்கும் செய்யத் தோன்றவில்லை. ஆனால் தோட்டத்து விளக்கை நான் அந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை. நேற்றுவரை யாரும் சேர்க்கவில்லை. தெருவில் ஸ்டார் ஏறியதும் அதுவும் கிறிஸ்மஸ் விளக்கு ஆகிவிட்டது.

காலைப் பூசை முடிந்து வந்ததும் விஜிலா சின்னக் கதவில் நின்றாள். முக்காட்டைக்கூட எடுக்கவில்லை.

“என்ன மைனி இது? துட்டி வீட்டுல ஸ்டார் போடல்லன்னு பாத்தா, பின்னால ஜிகுஜிகுன்னு சப்பரம் போவுது. கோயில்ல நாலு பேரு கேக்காவ.”

“பாத்ரூமுக்குப் போவதுக்கு வெளிச்சம் வேண்டாமா ளா?”

“பாத்ரூமுக்குப் போவதுக்கு கொய்யா மரத்துக்கு மாலை எதுக்கு?”

அவள் கேட்டது சரி. அதுதான் வயிற்றெரிச்சல்.

சும்மா இருந்திருக்கலாம். “என் வீட்டு மரம், நான் மாலையும் போடுவேன், மகுடமும் வைப்பேன்” என்றேன். அவள் முகம் வெளிறியது. “அண்ணன் போயி வருசம் திரும்பல. அன்னைக்கே நீங்க ஒரு சொட்டு அழல மைனி. நான் பாத்துட்டுதான் இருந்தேன்” என்றாள். கதவைச் சாத்தினாள். அந்தப் பக்கத்துத் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. அந்தக் கதவுக்கு அப்படி ஒரு தாழ்ப்பாள் இருப்பதே எனக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

அழவில்லை. உண்மைதான். கண்ணீர் வரவில்லை என்றால் நான் என்ன செய்ய? எல்லாரும் சாப்பிட்டார்களா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். யாராவது பார்க்கவேண்டாமா?

டிசம்பர் 2, திங்கள்

கழற்றிவிடலாம். கழற்ற மாட்டேன்.

டிசம்பர் 7, சனி

ஒரு வாரமாகச் சொதியும் இல்லை, பேச்சும் இல்லை. சீலா மீன் வாங்கி வந்து, பழக்கத்தில் இரண்டு வீட்டுக்கும் சேர்த்துக் குழம்பு வைத்துவிட்டேன். இரண்டு நாளாக நானே தின்கிறேன்.

பட்டனை மாற்றியாவது வைக்கலாம் என்று இப்போது தோன்றுகிறது. மின்னாமல் எரிந்தால் யாருக்கும் உறுத்தாது. ஆனால் அதற்கு அவள் வீட்டுப் படி ஏறவேண்டும். முன்வாசல் வழியாகப் போய், விருந்தாளி மாதிரி காலிங்பெல் அடித்து... முடியாது.

சாயங்காலம் ஆனதும் அது பாட்டுக்கு மின்ன ஆரம்பித்துவிடுகிறது. நான் ஏற்றவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். என்னைக் கேட்காமல் என் பேரைக் கெடுக்கிறது.

டிசம்பர் 15, ஞாயிறு

தெருக்காரர்கள் வீட்டுக்கு வீடு கூடிச் செபிக்கும் அன்பியக் கூட்டம், இன்று எங்கள் வீட்டு முறை. மழை வெறித்திருந்ததால் தோட்டத்திலேயே நாற்காலி போட்டேன். நாலு மணிக்கு வருவார்கள். பகல் வேளை, விளக்கு எரியாது, யார் கண்ணிலும் படாது என்று நிம்மதியாக இருந்தேன்.

கடைசி நாற்காலியைப் போட்டு நிமிர்கிறேன், கொய்யா மரம் மின்னுகிறது. பட்டப்பகலில்! நந்தியாவட்டை மின்னுகிறது, கிணற்றுக்கட்டு மின்னுகிறது. செந்தில்வேலுக்கு போன் போட்டேன். “ரிப்பேரா இருக்கும்க்கா, நாளைக்கு வாரேன்” என்றான். போர்வையைப் போட்டு மரத்தை மூடவா முடியும்? அதற்குள் ஆட்கள் வந்துவிட்டார்கள்.

செபம் நடத்துகிற ராஜதுரை அண்ணாச்சி பின்வாசலிலேயே நின்றுவிட்டார். “என்ன மெட்டில்டா, ஒங்க வீட்டுல மட்டும் கிறிஸ்மஸ் பகல்லயே வந்துட்டு?” எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

விஜிலா கடைசியாக வந்தாள், முன்வாசல் வழியாக. மரத்தைப் பார்த்ததும் திகைத்துப்போய் நின்றாள். என்னைப் பார்க்கவே இல்லை. செபமாலை முழுக்கக் குனிந்த தலை நிமிரவில்லை. அண்ணன் வீட்டுக் கூத்தைப் பார்த்து வெட்கப்படுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன். தேநீர் குடிக்காமலே போய்விட்டாள்.

கூட்டம் கலைந்து இருட்டும் நேரம், விளக்கு மங்கி மங்கி அணைந்தே போயிற்று. எரியவேண்டிய நேரத்தில் கும்மிருட்டு.

டிசம்பர் 16, திங்கள்

இடது மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. வலது கைதானே எழுதுவது, பரவாயில்லை.

விடியுமுன் பாத்ரூமுக்குப் போனேன். வெளிச்சம் பழகிப்போய் டார்ச்சைத் தேடக்கூட இல்லை. கிணற்றடிப் பாசியில் வழுக்கி, வாளியோடு விழுந்தேன். வாளி உருண்ட சத்தம் ஊரை எழுப்பியிருக்கும். சின்னக் கதவின் தாழ்ப்பாள் படாரென்று திறந்தது. விஜிலாவும் அவள் வீட்டுக்காரர் கிருபாநிதியும் ஓடிவந்தார்கள். அவர் என்னைத் தூக்கி நிறுத்தி, “ஆட்டோ கூட்டிட்டு வாரேன் அக்கா” என்று வெளியே ஓடினார்.

விஜிலா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுகிறாள். வலி எனக்கு, அழுகை அவளுக்கு.

“நான்தான் மைனி. நான்தான் சாக்கப் போட்டேன்.”

“என்ன சாக்கு?”

“மாடியில அந்தத் தகட்டு மேல. கூட்டத்துக்கு வார ஆளுக வெளக்கப் பாத்து உங்களத் தப்பாப் பேசக்கூடாதுன்னு, மூடுனா எரியாதுன்னு நெனச்சு…”

முதலில் எனக்கு விளங்கவில்லை. பிறகு விளங்கியது. வெயில் போனால் தன்னால் எரியும். இவள் சாக்கைப் போட்டு மூடவும், ராத்திரி வந்துவிட்டது என்று நினைத்து விளக்கு பகலிலேயே எரிந்து, ராத்திரிக்குச் சார்ஜ் ஒன்றுமில்லாமல் தீர்ந்துவிட்டது. அந்த வலியிலும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தேன். சிரிக்கச் சிரிக்கக் கண்ணீர் வந்தது. பிறகு சிரிப்பு நின்றது, கண்ணீர் நிற்கவில்லை. அடக்கம் அன்று வராத அழுகை, நைட்டி எல்லாம் பாசியோடு கிணற்றடியில் உட்கார்ந்திருக்கும்போது வருகிறது. வெட்கமாகத்தான் இருந்தது.

அவளிடம் சொன்னேன். “உங்க அண்ணன் அந்தக் கதவுல டார்ச் அடிச்சுட்டு நிப்பாருளா. டெய்லி. நான் போயிட்டு வார வரைக்கும் நிப்பாரு. இப்ப நிக்க ஆள் இல்ல. பயமா இருக்குளா எனக்கு. அதுக்குத்தான் அந்த வெளக்கு. மரத்துல சுத்துனது மட்டும் என் ஆசைக்கு.”

அவள் முந்தானையால் என் முழங்கையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

ஆஸ்பத்திரியில் எலும்பு முறியவில்லை என்றார்கள். கட்டுப் போட்டு அனுப்பினார்கள். விஜிலா கூடவே வந்தாள், வழி நெடுக வாயைத் திறக்கவில்லை. கோபமா, வருத்தமா, தெரியவில்லை. சொல்லியிருக்கக்கூடாதோ?

டிசம்பர் 17, செவ்வாய்

பகல் முழுக்க நல்ல வெயில்.

சாயங்காலம் கொய்யா மரம் எரிந்தது. மின்னவில்லை. அடக்கமாக, ஒரே சீராக எரிந்தது. மாடியில் யாரோ பட்டனை அமுக்கியிருக்கிறார்கள்.

சின்னக் கதவு ஒருக்களித்துத் திறந்திருக்கிறது. இந்தப் பக்கத்துப் படியில் ஒரு தூக்குவாளி. சொதி.

டிசம்பர் 25, புதன்

ஸ்டார் இல்லை, கேக் இல்லை. விஜிலா கேக் கொண்டுவந்தாள். துக்க வீட்டுக்குப் பக்கத்து வீட்டார் கொண்டுவருவது முறை. முந்திரி போதாது என்று சொன்னேன். “அடுத்த வருசம் நீங்க செஞ்சு கிழியுங்க” என்றாள். ஜாய்சன் வீடியோவில் வந்து மரத்தைக் காட்டச் சொன்னான். காட்டினேன்.

ஜனவரி 19, ஞாயிறு

விளக்கு இரண்டு மூன்று நாளாக மங்கல். உப்பளக் காற்று இந்த மாதம் அப்படி, ஜன்னல் கம்பியைத் தொட்டால் விரலில் வெள்ளையாக ஒட்டுகிறது. தகட்டிலும் படிந்திருக்கும். விஜிலாவிடம் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டே மறந்துபோனேன்.

சொல்லவேண்டியிருக்கவில்லை. இன்று பளிச்சென்று எரிகிறது. மாடிக் கைப்பிடிச் சுவரில் ஈர லேஞ்சி ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. கட்டம்போட்ட கைக்குட்டை, பவுலுடையது. அவள் வீட்டில் எப்போது விட்டாரோ.

பிப்ரவரி 18, செவ்வாய்

பவுலுக்கு ஆண்டுப் பூசை. கல்லறையில் மெழுகுதிரி ஏற்றினோம், காற்றில் நிற்கவில்லை, விஜிலா கையைக் குவித்துப் பிடித்துக்கொண்டாள். மத்தியானம் வந்தவர்களுக்குச் சாப்பாடு. எல்லாரும் சாப்பிட்டார்கள். நானும் உட்கார்ந்து சாப்பிட்டேன்.

பொழுது சாயும் நேரம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். மாடியிலிருந்து விஜிலா கூப்பிட்டாள்.

“மைனி! வருசம் திரும்பிட்டுல்லா? மினுக்க விடட்டுமா?”

நான் சோப்புக் கையோடு நிமிர்ந்து பார்த்தேன். அவளே பட்டனை அமுக்கிவிட்டாள். கொய்யா, கிணற்றுக்கட்டு, நந்தியாவட்டை, பாத்ரூம் வளைவு எல்லாம் ஜிகுஜிகு. பாத்திரத்தை அப்படியே போட்டுவிட்டுத் துவைகல்லில் போய் உட்கார்ந்தேன். பாத்ரூம் போகும் வேலை இல்லாமல் இருட்டில் நான் தோட்டத்துக்கு வந்தது இன்றைக்குத்தான். அவள் மேலே கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நின்றாள். தெருவில் ஆளரவம் அடங்கும்வரை அப்படியே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“போதுமா மைனி? பழையபடி வச்சிரட்டா?” என்றாள்.

“போதும்னு யாருளா சொன்னா?” என்றேன்.