மாஸ்க் கொடுத்ததாக ஒரு கையெழுத்து

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிப்பதுதான் முறை, கேட்கிறேன். மகள் வீட்டில் கடல் காற்று நன்றாக இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். படித்துப் பொறாமைப்பட்டேன். கைக்கட்டைப் பிரித்து நாலு நாள்தான் ஆகிறது. எழுத்து கோணலாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டு மாதத்துக்கு முன் காலை ஷிப்டில் உயரமான லாரி ஒன்று சுங்கச்சாவடிக்கு வந்தது. எப்போதும் போலக் கூண்டு ஜன்னல் வழியாக எட்டி ரசீதை நீட்டினேன். மணிக்கட்டு ஜன்னல் கட்டையில் லேசாக இடித்தது. அவ்வளவுதான், சுள்ளி முறிகிற மாதிரி ஒரு சத்தம். டிரைவர் பதறி இறங்கிவந்து, நான் தொடவே இல்லைம்மா என்று எல்லாரிடமும் சொன்னார். பாவம், அவர் தொடத்தான் இல்லை.

எலும்பு டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு என் வயதை இரண்டு தடவை கேட்டார். நாற்பத்து மூன்று என்றேன். இன்னொரு சோதனைக்கு அனுப்பிவிட்டு, எழுபது வயசுக்காரங்க எலும்பு மாதிரி இருக்கு என்றார். முதுகெலும்பும் மெலிந்துவிட்டதாம். பதினேழு வருஷமாகக் கூண்டில் உட்கார்ந்திருக்கிறேன் என்றதும் பேனாவைக் கீழே வைத்தார். வண்டிப் புகைக்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம் என்று சில ஆராய்ச்சிகள் சொல்லுது, ஆனா உங்களுக்கு இதனாலதான் வந்ததுன்னு நான் அடிச்சுச் சொல்ல முடியாது என்றார். சாப்பாடு, பரம்பரை, எதுவும் காரணமாக இருக்கலாமாம். நேர்மையான மனுஷர். நான் கேட்க நினைத்ததுதான் அவர் வாயிலிருந்து வரவில்லை.

வீட்டுக்காரர் என்னைக் கண்ணாடிப் பாத்திரம் மாதிரி பார்த்துக்கொள்கிறார். குடம் தூக்க விடுவதில்லை, பஸ் ஏற விடுவதில்லை. கல்யாணமாகி இருபது வருஷத்தில் கிடைக்காத மரியாதை எலும்பு உளுத்த பிறகு கிடைக்கிறது.

மேனேஜரிடம் போனேன். என்னை ஆபீஸுக்குள் உட்கார வையுங்கள், கூண்டில் இருக்கிறவர்களுக்கு நல்ல மாஸ்க் கொடுங்கள் என்றுதான் கேட்டேன். நீங்கள் முன்பு இருந்த ஆறாம் கூண்டில் இப்போது இருபத்திரண்டு வயதுப் பெண் இருக்கிறாள். நாம் செய்த மாதிரியே மூக்கில் கைக்குட்டை கட்டிக்கொள்கிறாள். சாயங்காலம் அவிழ்த்தால் அடுப்புத் துணி மாதிரி கறுப்பு.

மேனேஜர் பீரோவைத் திறந்து ஒரு பதிவேட்டை மேஜைமேல் போட்டார். ஒவ்வொருவருக்கும் மாதம் நாலு மாஸ்க் கொடுத்ததாக ஒன்பது வருஷத்துக்கு எழுதியிருக்கிறது. கொடுத்தாச்சு, போட்டுக்காதது உங்க தப்பும்மா என்றார். பக்கத்துக்குப் பக்கம் சூப்பர்வைசர் கையெழுத்து. உங்கள் கையெழுத்து, அக்கா. வால் நீட்டிப் போடும் அந்த எழுத்து எனக்குத் தெரியாதா? ஒரு மாஸ்க்கையாவது நாம் கண்ணால் பார்த்ததுண்டா?

புரியாமல் இல்லை. கையெழுத்துப் போடாவிட்டால் அந்தப் பதவியில் ஒரு மாதம்கூட விட்டுவைத்திருக்க மாட்டார்கள். உங்கள் இடத்தில் இருந்தால் நான் போட்டிருக்க மாட்டேன் என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. ஆனால் எனக்குக் காய்ச்சல் கண்டபோதெல்லாம் என் ஷிப்டையும் சேர்த்துப் பார்த்தவர் நீங்கள்.

போன வாரம், உடல் தகுதி இல்லை என்று ஒரு தாளைக் கொடுத்து என்னை நிறுத்திவிட்டார்கள். தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறேன். அடுத்த மாதம் விசாரணை. மாஸ்க் வரவே இல்லை, மேலிடத்தில் சொன்னதால் கையெழுத்துப் போட்டேன் என்று இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். என் எலும்பு இனிமேல் கெட்டியாகப் போவதில்லை. அந்தப் பெண்ணுடையது இன்னும் நன்றாக இருக்கலாம்.

முடியாவிட்டால் பரவாயில்லை என்று எழுதக் கை போகிறது. எழுத மாட்டேன்.

இன்னொன்று. நீங்களும் ஏழு வருஷம் என் பக்கத்துக் கூண்டில் உட்கார்ந்தவர், அதற்கப்புறம் ஒன்பது வருஷம் வண்டிகளுக்கு நடுவே நின்றவர். தள்ளிப் போடாமல் எலும்புச் சோதனை செய்துகொள்ளுங்கள். நல்லபடியாக வர வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். உங்களுக்கும் மோசமாக வந்தால் என் பேச்சை நம்புவார்களே என்று நேற்று ஒரு நிமிஷம் நினைத்துவிட்டேன். அதை மட்டும் மன்னித்துவிடுங்கள். நீங்கள் நன்றாக இருக்க வேண்டும், அக்கா.

இப்படிக்கு,
ஐந்தாம் கூண்டில் இருந்த உங்கள் தங்கை