இருமுகிற காரும் பீங்கான் வண்டியும்

ஜூன் 3

மூத்த பேரன் வங்கியில் அதிகாரி. நடுப்பேரன் கப்பலில் இன்ஜினியர். சின்னவள் பேத்தி, நர்சு படிப்பில் காலேஜிலேயே முதல். பதினெட்டாம் தேதி மேடையில் தங்கப் பதக்கம். எனக்கும் முன்வரிசையில் நாற்காலியாம், பேர் எழுதி ஒட்டுவார்களாம். அஞ்சாங்கிளாசோடு நின்றவள் பேரை.

இப்படிப்பட்ட வீட்டு வாசலில் நிற்பது ரெண்டு ஓட்டைக் கார். வெள்ளை ஒன்று, சிவப்பு ஒன்று. ரெண்டுக்கும் சேர்த்து ஒரே பேட்டரி. அன்றைக்கு எது ஓட மனசு வைக்கிறதோ அதில் மகன் மாட்டுவான். கப்பல் இன்ஜினையே ஓட்டுகிறவனைப் பெற்ற அப்பன். சீ.

ஜூன் 5

காலை ஏழு மணிக்கு வெள்ளைக் கார் இருமியது. உடனே பக்கத்து வீட்டு பிளம்பர் ஈரத் தலையோடு தள்ள வந்துவிட்டார். பின்னாலேயே அவர் மனைவி, வாயில் பிரஷ்ஷோடு. யாரும் கூப்பிடவில்லை. கூப்பிடாமல் வருவதுதான் எனக்கு ஆகவில்லை. "பெரியம்மா, உங்க கார் இருமினாதான் எங்க வீட்டுல விடியுது" என்கிறார். மகனும் சேர்ந்து சிரிக்கிறான். மானம் என்று ஒன்று இருக்கிறதா இவனுக்கு? ஜன்னல் திரையை இழுத்துவிட்டேன்.

ஜூன் 9

சிவப்புக் காரில் பெட்ரோல் வாடை, முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டேதான் போனேன். காலடியில் ஓட்டை, வழியெல்லாம் ரோடு தெரிகிறது.

ஜூன் 12

விழாவுக்கு எங்கள் வேனிலேயே போகலாமே என்றாள் பிளம்பர் மனைவி. கக்கூஸ் பீங்கான் ஏற்றுகிற வண்டி அது. எங்க வீட்டிலேயே ரெண்டு கார் நிற்கிறது என்று முகத்துக்கு நேரே சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனாள். கோபப்படக்கூடத் தெரியாத ஜென்மம்.

ஜூன் 18

சின்னவள் பதக்கம் வாங்கினாளாம். வாங்கினாளாம்.

ஜூன் 19

நேற்று நடந்ததை எழுதித்தான் ஆக வேண்டும். புதுப்புடவை கட்டி வெள்ளைக் காரில் ஏறினேன். பிளம்பரும் மனைவியும் தள்ளினார்கள். தெருமுனை வரை ஓடி, புகையைக் கக்கிவிட்டு நின்றது. பிளம்பர் ஓடிப்போய் வேனைக் கொண்டுவந்தார். பின்னால் ரெண்டு பீங்கான், இறக்க நேரமில்லை. சீட்டில் துவைத்த போர்வை விரித்திருந்தது — முந்தின நாளே துவைத்திருக்கிறாள். "ஏறுங்க பெரியம்மா, புள்ள தேடும்" என்றார்.

கக்கூஸ் வண்டியில வர மாட்டேன்னேன். நடுரோட்டுல, எல்லார் காதுலயும் விழ. என்னைத் தனியா விட மனசில்லாம மகனும் நின்னுட்டான். மருமகள் மட்டும் அவங்களோட போனா. ரெண்டு மணி நேரம் இன்ஜினுக்குள்ள தலைய விட்டுக்கிட்டே இருந்தான். என்னை ஒரு வார்த்தை சொல்லல. சொல்லியிருக்கலாம்.

மத்தியானம் வேன் திரும்பியது. "உங்க நாற்காலியில நான்தான் உட்கார்ந்தேன் பெரியம்மா. உங்களுக்கும் சேர்த்துக் கைதட்டினேன்" என்றாள் பிளம்பர் மனைவி. உள்ளங்கை சிவந்திருந்தது.

ஜூன் 20

மருமகள் போனில் போட்டோவைக் காட்டினாள். கழுத்தில் பதக்கத்தோடு சின்னவள். ஒரு பக்கம் அவள் அம்மா, மறுபக்கம் பிளம்பரும் மனைவியும். பெற்ற அப்பன் இல்லை. மகன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். என்னை நினைத்தால் எனக்கே குமட்டுகிறது.

ஜூலை 6

சின்னவள் வேலைக்குச் சேர்ந்த ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தோம். காலையில் வெள்ளை இருமியது, பிளம்பர் வந்தார். நானே கேட்டேன்: "தம்பி, உங்க வண்டியில இடம் இருக்கா?"

"பீங்கானுக்குப் பக்கத்துல இருக்கு பெரியம்மா."

வழியெல்லாம் அது முழங்காலில் இடித்தது. இப்பவும் அருவருப்புதான், பொய் எழுத மாட்டேன். ஆஸ்பத்திரி வாசலில் அவளைப் பதக்கத்தை மாட்டச் சொல்லி, மகனைப் பக்கத்தில் நிறுத்தினேன். அப்புறம் எல்லாரும் போட்டோவுக்கு நின்றோம். "பாட்டி, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, வேனுக்குள்ள பீங்கான் தெரியுது" என்றாள். தெரியட்டும் என்றேன்.

ஜூலை 9

சின்னவளிடம் சொல்ல வேண்டும்: புதுப் போட்டோ போனில் வேண்டாம். தாளில் போட்டுத் தபாலில் அனுப்பு. ரெண்டு. ஒன்று பக்கத்து வீட்டுக்கு.