ஒன்றையொன்று துடைக்காத கரையான்கள்

ஊரிலிருந்து திரும்பிக் கதவைத் திறந்ததும் அந்த வாடை வந்தது. குக்கரில் மறந்துபோன சோற்றின் மேல் வெள்ளைப் பஞ்சு படர்ந்து, நடுவில் பச்சை கட்டியிருந்தது. கொட்ட மனம் வராமல் நின்றேன். நீ இருந்தால் குனிந்து பார்த்து வகை சொல்லியிருப்பாய்.

புனேயில் நாம் சேர்ந்து வேலை பார்த்த ஆய்வுக்கூடத்தில் நீ சோற்றில்தான் பூஞ்சை வளர்த்தாய், கரும்பைத் தின்னும் கரையானைக் கொல்வதற்கு. ஆனால் கரையான்கள் ஒன்றையொன்று நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும். பூஞ்சையின் வித்து உடம்பில் தங்காது. அதனால் கொல்லாத அளவுக்குத் துளி பூச்சிமருந்தும் சேர்த்துப் பார்த்தாய். "சாவாதுடி. பக்கத்துல இருக்கறதத் தொடைக்க மறந்துடும். மீதிய பூஞ்சை பாத்துக்கும்" என்றாய். புனேயின் போபோடி பேட்டையில் வளர்ந்த உனக்கு எல்லாமே விளையாட்டு.

சோதனை தொடங்கிய சமயத்தில்தான் உனக்கு ரத்தப் புற்று என்று தெரிந்தது. மருந்து ஏற்றினால் உடம்பின் எதிர்ப்பு குறையும், பூஞ்சை அறைக்குள் போகவே கூடாது என்றார் டாக்டர். முடிவைப் பார்க்காமல் விடமாட்டேன் என்றாய் நீ.

மருந்து ஏற்றத் தொடங்கிய பிறகு ஒரு மதியம் முகமூடியோடு வந்து பூஞ்சை அறையின் கண்ணாடிக்கு வெளியே நின்றாய். உள்ளிருந்து தட்டுகளைத் தூக்கிக் காட்டினேன். மருந்து மட்டும் இட்டதில் கரையான்கள் மந்தமாக நடந்தன. பூஞ்சை மட்டும் இட்டதில் ஒன்றையொன்று நக்கிக்கொண்டிருந்தன. இரண்டும் சேர்ந்த தட்டில் அசைவே இல்லை. தனித்தனியாக, நின்ற நின்ற இடத்தில், உடம்பெங்கும் பச்சை பூத்திருந்தன.

கண்ணாடியில் நெற்றியை ஒட்டி வெகுநேரம் பார்த்தாய். "அரே, பாஸாயிடுச்சி." பிறகு, "என் ஒடம்புலயும் பாதி வேல முடிஞ்சிடுச்சி. இன்னா, மருந்து ஊத்தறவன் மட்டும் வேற."

அடுத்து வந்த காய்ச்சலில் நுரையீரலில் பூஞ்சை என்றார்கள். நாம் வளர்த்தது அல்ல. காற்றில் எங்கும் இருப்பதாம். கையுறை மாட்டிக்கொண்டு ஈரத்துணியால் உன் முகத்தைத் துடைத்தேன். கண்ணைத் திறக்காமல், "நிறுத்தாதடி" என்றாய். உன் அம்மா வந்து என் கையைப் பிடித்து நிறுத்தும்வரை துடைத்துக்கொண்டிருந்தேன். நீ போய்ச் சற்று நேரம் ஆகியிருந்தது.

அந்தக் கை இன்னும் நிற்கவில்லை. நேற்று பஸ்ஸில் முன்னால் நின்ற பெண்ணின் தோளில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. கேட்காமலே துடைத்துவிட்டேன். "காய் ஜாலா?" என்று, என்ன ஆச்சு என மராத்தியில் கேட்டு முறைத்து விலகினாள். பிறகு தன் தோளைத் தானே ஒருமுறை தட்டிவிட்டுக்கொண்டாள். அதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.