வாழையடியில் உட்கார்ந்த புள்ளிக்கோழி

செவிலிமேடு,
காஞ்சிபுரம்.

என் கண்ணான மகன் சத்யராஜுக்கு அம்மா எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே நான், அப்பா, உன் பெண்டாட்டி பிரியதர்ஷினி, என் பேத்தி சிம்ரன் எல்லாரும் சுகம், பனிக்கட்டி கொட்டுகிற அந்தப் போலந்து தேசத்தில் நீயும் சுகமாக இருக்க தினமும் முழங்கால் போட்டுக் கேட்கிறேன். போனில் பேசினால் பாதியிலேயே உனக்கு வேலைக்கு நேரமாகிவிடுகிறது, அதனால் நம் தெரு நெசவுக்காரர் வெங்கடேசன் மகன் உன் கம்பெனிக்கே வருகிறான் என்றதும் முறுக்கோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். ஐந்தாவது படித்தவள் எழுத்து, பிழை இருந்தால் நீயே திருத்திப் படித்துக்கொள்.

தெருநாய்கள் கூண்டை உடைத்து நம் கோழிகளை எல்லாம் கடித்துப் போட்டன, சேவலும் போயிற்று என்று சொன்னேன் அல்லவா, புள்ளிக்கோழி மட்டும் தப்பித்தாள். அன்றைக்கு அவள் கூண்டுக்கே வரவில்லை. எங்கே போனாள் என்று தேடினால் பின்பக்கம் வாழையடியில் மண்ணைப் பறித்து முட்டை இட்டு, அடைக்கு உட்கார்ந்திருக்கிறாள். நம் வீட்டுக் கோழி வம்சத்தில் மிச்சம் அவள் வயிற்றுக்குக் கீழே இருந்ததுதான். அந்த நேரம் பார்த்துப் புயல் மழை, பாலாற்றுப் பக்கமிருந்து ஊசி குத்துகிற மாதிரி காற்று. நனைந்து செத்துவிடுவாளே என்று கூடையில் வைக்கோல் போட்டு, இடிக்கு முட்டை கெடாமல் இருக்க ஆணியும் கரித்துண்டும் வைத்து, முட்டைகளோடு அடுப்பங்கரைக்குக் கொண்டுவந்தேன். அப்பா அவளைத் துண்டில் சுற்றித் தூக்கி வந்து உட்கார வைத்தார். பெரிய வேலை முடித்துவிட்டதாக நினைத்துக் கதவைச் சாத்திக்கொண்டு எல்லாரும் கோயில் ஆராதனைக்குப் போனோம்.

திரும்பி வந்தால் கூடையில் கோழி இல்லை. ஜன்னல் வழியாகப் போயிருக்கிறாள். ஓடிப்போய்ப் பார்த்தேன், வாழையடியில் கொட்டுகிற மழையில், ஒரு முட்டைகூட இல்லாத வெறும் குழியில், இறக்கையை விரித்து உட்கார்ந்திருக்கிறாள். முட்டைகளைத் தொட்டால் கூழாங்கல் மாதிரி சில்லென்று இருந்தன. நல்லது செய்வதாக நினைத்து நானே கொன்றுவிட்டேனே என்று அழுதேன். உன் அப்பா சும்மா இருப்பாரா, அதுக்கு இருக்கிற அறிவு உனக்கு இல்லியேடி, அது அங்கதான் உட்காருவேன்னு எடம் புடிச்சிக்கினு இருக்குது, நீ இன்னாத்துக்கு வூடு மாத்தினே என்று எகிறினார். தூக்கி வந்தவர் அவர்தான், அது அவருக்கு ஞாபகம் இல்லை.

சிம்ரன்தான், அழாத ஆயா, இரு பாக்கலாம் என்று ஒரு முட்டையை எடுத்தாள். கரண்ட் இல்லாமல் அடுப்பங்கரை இருட்டாக இருந்தது. போன் விளக்கை முட்டைக்கு அடியில் பிடித்தாள். சின்ன வயதிலிருந்து கோழி வளர்க்கிறேன், இதை நான் பார்த்ததே இல்லையப்பா. ஓடு முழுவதும் சிவந்த தணல் மாதிரி ஒளிர்ந்தது. உள்ளே பட்டு இழையைவிட மெல்லிய நரம்புகள், நடுவில் மிளகு அளவில் ஒரு கறுப்பு. அது அசைந்தது. கொஞ்சம் நிற்கும், மறுபடி அசையும். உசுரோடதான் ஆயா இருக்குது என்றாள். எகிறிக்கொண்டிருந்த அப்பா தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். எனக்கு ஜெபம்கூட வரவில்லை, ஆண்டவரே ஆண்டவரே என்றேன், அவ்வளவுதான். நர்சு படிப்பு படிக்கிற என் பேத்தியின் கையைப் பிடித்து முத்தம் கொடுத்தேன், அவளைப் பற்றி நான் பெருமை பேசினால் பிரியதர்ஷினி சிரிக்கிறாள், சிரிக்கட்டும்.

முட்டைகளைக் குழிக்கே கொண்டுபோய் ஒவ்வொன்றாகப் புள்ளிக்கோழி அடியில் தள்ளினேன். முதுகு நனைந்து பனிக்கட்டி, அடியில் கை வைத்தால் இட்லிப் பானை மாதிரி சூடு. வயிற்று இறகைத் தானே பிடுங்கிப் போட்டு, வெறும் தோலை முட்டைக்குக் கொடுத்திருக்கிறாள். யார் சொல்லிக் கொடுத்தார்கள் அவளுக்கு? அவளைத் தொடாமல் சுற்றி மூன்று பக்கமும் செங்கல் அடுக்கினோம். வெங்கடேசன் ஓடிவந்து, மழைல தெருவுல நூல் பாவு போட முடியாதுக்கா, பாவுக்குப் போர்த்துற தாள் சும்மாதான் கெடக்குது, இந்தம்மாவுக்காவது ஆவட்டும் என்று பிளாஸ்டிக் தாளைக் கொடுத்தார். மேலே தகரம், அதன்மேல் தாள், காற்று வருகிற பக்கம் கோணி, முன்னால் மட்டும் திறப்பு, எட்டுகிற தூரத்தில் கம்பு தானியமும் தண்ணீரும். மழை விட்டது, பனி விழுந்தது, அவள் அசையவில்லை.

நேற்று காலையில் வெயில் வந்தது. இரண்டு கூமுட்டையை விட்டுவிட்டு எழுந்தாள். தூக்கி வந்தபோது இருக்கமாட்டேன் என்று ஓடிப்போனவள், குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு தானாக நடந்து அடுப்பங்கரைக்கு வந்தாள் ராஜு. கடைசிக் குஞ்சு வாசற்படி ஏற முடியாமல் விழுந்து விழுந்து எழுந்தது. அது ஏறி முடிக்கிறவரை அவளும் உள்ளே வரவில்லை, நாங்களும் யாரும் நகரவில்லை.

நீ காதையும் நெஞ்சையும் மூடிக்கொண்டு வெளியே போ, ஈரச் சாக்சோடு நிற்காதே. நீ போகிற வழியெல்லாம் கர்த்தர் உனக்கு முன்னே போவாராக. மறக்காமல் ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிடு, குஞ்சுகளைக் காட்டுகிறேன்.

உன்னைப் பெற்ற அம்மா,
மு. மேரி