சம்பந்திகள் நடுவே ஒரு தீவு

மார்ச் 3
கண் ஆபரேஷனுக்காக மாமனார் அக்கரை நாட்டிலிருந்து வந்திறங்கினார். படகு எஞ்சின் மெக்கானிக். இனி ஒரு மாதம் எங்களோடும் என் அப்பாவோடும்தான். அப்பா வாசலுக்கே போய்ப் பெட்டியை வாங்கிக்கொண்டார்.
"வாங்க சம்பந்தி. வர்ற வழியில எங்க தீவு தெரிஞ்சுதா?"
"உங்க தீவு தெரியல. எங்க தீவு தெரிஞ்சுது."
ஆரம்பமாகிவிட்டது.

மார்ச் 6
இந்தச் சண்டையின் சரித்திரத்தை எழுதி வைத்தால் எனக்காவது புரியுமா, பார்ப்போம். பழைய ஆட்சிக்காரர்கள் கிளம்பும்போது கடலில் ஒரு கோடு போட்டார்கள். தீவு கோட்டுக்கு இந்தப் பக்கம் என்கிறார் அப்பா. கோட்டுக்கு முன்பே எங்கள் ஆட்கள் அங்கே வலை காயவைத்தார்கள் என்கிறார் மாமனார். அவர்கள் விளக்குக் கம்பம் நட்டார்கள், நாம் கொடி நட்டோம், அவர்கள் பிடுங்கினார்கள். மறுபடி நட்டவர்களில் அப்பாவும் ஒருவர் — அப்போது கடலோரக் காவல்படையில் இருந்தார். இப்போது சர்வதேச நீதிமன்றத்தில் வழக்கு.
"அந்தப் பாறையில அப்படி என்னதான் இருக்கு?" என்றேன்.
"உனக்குப் புரியாது," என்றார்கள் ஒரே குரலில். முதல் உடன்பாடு!

மார்ச் 9
மாமனார் உப்பு கேட்டார். "எங்க கடல் உப்பு. பரவாயில்லையா?" என்றார் அப்பா. என் வீட்டுக்காரர் தட்டைத் தூக்கிக்கொண்டு அடுக்களைக்கு ஓடிவிட்டார். பிழைக்கத் தெரிந்த புருஷன்.

மார்ச் 15
சிரிப்பெல்லாம் போச்சு. அக்கரையில் இருக்கும் என் கொழுந்தன், தீவுப் பக்கம் மீன்பிடிக்கப் போய் நம் ரோந்துப் படகிடம் மாட்டிக்கொண்டான். கேஸ் போட்டால் ஜெயிலாம். மாமனார் கட்டுப்போட்ட கண்ணோடு போனைக் கையில் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறார். அப்பா சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டு துறைமுகத்துக்குப் பஸ் ஏறிவிட்டார். எதுக்குப் போறார்? திட்டவா, மீட்கவா? கடவுளே —

மார்ச் 17
மீட்கத்தான். எஞ்சின் நின்றுபோய் அலை இழுத்துவந்துவிட்டது என்று, தனக்குக் கீழே வேலை பார்த்தவர்களிடம் அடித்துச் சொல்லி, பையனையும் படகையும் அனுப்பிவைத்துவிட்டு வந்தார். மாமனார் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். வெகுநேரம் விடவில்லை. பிறகு தொண்டையைச் செருமினார்.
"ஆனா சம்பந்தி, நான் பிரிச்சு மாட்டின எஞ்சின் நிக்காது."
"சத்தமா சொல்லாதீங்க. என்னையும் சேர்த்து உள்ள வச்சிருவாங்க."

மார்ச் 28
தீர்ப்பு வந்துவிட்டது. தீவு நமக்கே. ஆயுசு முழுக்க அப்பா காத்திருந்த செய்தி. தெருவையே கூட்டிக் கொண்டாடுவார் என்று நினைத்தேன். மாமனாரின் செருப்புச் சத்தம் கேட்டதும் டிவியை அணைத்துவிட்டுப் பேப்பரை விரித்தார்.
"சின்னவன் போன்ல சொன்னான்," என்றார் மாமனார், நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு. "தீவு உங்களுக்காம்."
அப்பா பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை.
"கோர்ட்டுக்கு என்ன தெரியும்?"