கைராசி

உப்பளம், புதுவை
14-6-2004

அன்பு மகள் பூவிழிக்கு அப்பா எழுதுவது.

அம்மா நலம் என்று எழுத ஆசைதான். வேன் மோதி வருடம் ஒன்றாகியும் இடுப்பு கூடவில்லை. கைத்தடியோடு மாடியிலேயே கிடக்கிறாள்.

டெல்லி வேலையை விட்டுச் சென்னையில் சட்டம் படிக்கப் போகிறாயாம். பொருளாதார நிபுணர் என்று உன்னைப் பற்றிக் கடைத்தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். இனி என்ன சொல்ல? விபத்து கேஸ் வக்கீல் என்றா? அம்மாவை ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்றே, "கையெழுத்துப் போடுங்க, மத்தத நான் பாத்துக்கறேன்"னு ஒருத்தன் வக்காலத்தை நீட்டினான். அந்தக் கூட்டத்திலா நீயும்? நஷ்ட வியாபாரம், யோசி.

உன் அப்பா,
ஆதிமூலம்

டெல்லி
2-7-2004

அன்புள்ள அப்பாவுக்கு,

யோசித்துவிட்டேன். அம்மாவின் வழக்கில் இன்சூரன்ஸ் கம்பெனி தந்த பதிலை நம் வக்கீல் ஹரிகிருஷ்ணன் சார் அனுப்பினார். "காயம்பட்டவர் குடும்பத் தலைவி, வருமானம் கிடையாது" என்கிறார்கள். எங்கள் ஆபீஸ் கணக்கெடுப்பிலும் இப்படிப்பட்ட பெண்களை 'வேலை செய்யாதோர்' பக்கத்தில்தான் சேர்ப்போம். நானே சேர்த்திருக்கிறேன். அந்தப் பட்டியலில் அம்மாவையும் வைத்துப் பார்த்த பிறகு அந்த நாற்காலியில் உட்கார முடியவில்லை.

இருபது வருடம் நம் கயிற்றுக் கடையில் அம்மா என்ன செய்தாள் என்பதைக் கோர்ட்டில் நீங்கள் சொன்னால் போதும். மற்றது எங்கள் வேலை.

உங்கள் மகள்,
பூவிழி

சென்னை
21-9-2007

அப்பாவுக்கு,

கோர்ட்டிலிருந்து நேராக பஸ் ஏறிவிட்டேன். மன்னியுங்கள்.

"போணி ராசிக்குத்தானே உங்க சம்சாரத்த கடையில உட்கார வெப்பீங்க?" என்று எதிர் வக்கீல் கேட்டார். நீங்கள் சிரித்துக்கொண்டே, "ஆமாங்க, கைராசிக்காரி. மத்தபடி கடை நான் ஒத்த ஆளா நின்னு கொண்டாந்தது" என்றீர்கள். அது பதிவாகிவிட்டது. அம்மா கைத்தடியோடு வந்து பின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

கோபம் இல்லை அப்பா. அம்மா முகத்தைப் பார்க்கத் தைரியம் வரவில்லை, அவ்வளவுதான்.

பூவிழி

உப்பளம்
25-9-2007

அன்பு மகள் பூவிழிக்கு,

உனக்கே தெரியும், அம்மா படுத்த பிறகும் தினமும் முதல் வியாபாரக் காசை மாடிக்குக் கொண்டுபோய் அவள் கையில் கொடுத்து வாங்கித்தான் கல்லாவில் போடுவேன். கோர்ட்டுக்குப் போய் வந்த மறுநாள் நீட்டினேன். கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள். "நீங்களே போணி பண்ணிக்கோங்க" என்றாள்.

நேற்று வீராம்பட்டினம் ராஜாங்கம் வலைக்குக் கயிறு கேட்டு வந்தான். ஒன்றை எடுத்துக் காட்டினேன். "இது உப்புத்தண்ணியில சீக்கிரம் இத்துப் போயிடும்னு அக்கா சொல்லுமே. அக்கா எறங்கி வரட்டும், அப்புறமா வாங்கிக்கறேன்" என்று போய்விட்டான். அவன் வாங்க வந்தது என்னிடம் இல்லை. எந்த மில்லில் எந்தச் சரக்கு எடுப்பது, எந்தப் படகுக்காரனுக்குக் கடன் தரலாம், எல்லாம் அவள் சொல்லித்தான் நடந்தது. ராசி என்று சொல்லிக்கொண்டால் எனக்கு வசதி. ராசிக்குப் பங்கு தர வேண்டாம், பேரும் தர வேண்டாம்.

ஹரிகிருஷ்ணன் ஐயாவைப் பார்த்தேன். என்னை மறுபடி கூண்டில் ஏற்ற மனு போடலாமாம். மாற்றிச் சொன்னால், பணத்துக்காகப் பேசுகிறான் என்று எதிர் வக்கீல் கிழித்துவிடுவாராம். கிழிக்கட்டும். ஆனால் நீதான் இப்போது வக்கீலாகிவிட்டாயே, கேள்வியை நீ கேள். வேறு யார் கேட்டாலும் என் வாய் பழைய பாட்டுக்குப் போய்விடும்.

இன்று கடை திறக்கவில்லை. இதுவரை எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கல்லாச் சாவியை அவள் பக்கத்தில் வைத்தேன். எடுக்கவில்லை. தள்ளிவிடவும் இல்லை.

நீ வா.

அப்பா