கண்டக்டரோடு நடக்கிறேன்

அக். 22, புதன்

காலையில் தூறல். மதியத்துக்கு மேல் வெயில், ஆனால் சுடவில்லை. பள்ளி ஆபீஸில் ஸ்காலர்ஷிப் பட்டியல் பாதியில் நிற்கிறது. ஐந்து மணிக்குப் பூங்கா.

மரமல்லி நிறையக் கொட்டியிருந்தது. மிதிக்காமல் நடக்க இடமில்லை. கோட்டை மலையில் மேகம் இறங்கி, உச்சி தெரியவில்லை. கண்டக்டர் வந்தார். பெயர் மாணிக்கம், ரிட்டயர் ஆகிவிட்டார். எனக்கு இன்னும் கண்டக்டர்தான். ஆவணியில் தனித்தனியாகச் சுற்றிக்கொண்டிருந்தோம். எப்போது சேர்ந்து நடக்க ஆரம்பித்தோம் என்று ஞாபகம் இல்லை.

"சர்வீஸ் பூரா பஸ்லயே நின்னுக்கினு ஊரு ஊரா போனேன் மேடம். ஒரு ஊருலயும் எறங்கி நடந்ததில்ல" என்றார்.

அவர் மனைவி போய் நான்கு வருஷம். என் வீட்டுக்காரர் போய் இரண்டு. இதை ஒரே ஒரு முறை சொல்லிக்கொண்டோம். அப்புறம் மரம், மழை, முட்டிவலி.

வாங்க வேண்டியது: கொத்தமல்லி, பாத்ரூம் பல்ப், சர்க்கரை மாத்திரை.

அக். 24, வெள்ளி

மழை இல்லை. தட்டான்கள் தாழப் பறந்தன. நல்ல நடை.

வீட்டுக்கு வந்தால் கொழுந்தன் சேகர் உட்கார்ந்திருக்கிறார். பக்கத்து வீடுதான், ஆனால் வந்து உட்காரும் பழக்கம் கிடையாது. காபி வேண்டாம் என்றார். கொஞ்ச நேரம் ஃபேனைப் பார்த்தார்.

"பார்க்குல யார்கூடவோ நடக்கறீங்கன்னு சொல்றாங்க அண்ணி."

"நடக்கறேன்."

"ஊர்ல பேசறாங்க."

"இன்னா பேசறாங்க?"

வாசலை ஒரு தரம் பார்த்தார். பிறகு மெதுவாக, "அந்தாளு காலனி ஆளு. தெரியுமா உங்களுக்கு?"

தெரியும் என்றேன். தெரியாது. கேட்டதில்லை.

"அண்ணன் இருந்தா இப்டி போவீங்களா?"

அண்ணன் இருந்தபோது நான் எங்கேயும் நடந்ததில்லை. கடைக்கும் வண்டிதான். இதைச் சொல்லவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

பல்ப் மறந்துவிட்டது.

அக். 25, சனி

போகவில்லை. சேகருக்குப் பயந்து அல்ல என்று எழுத வந்தேன். பயம்தான். வாசல் வரை போய்த் திரும்பினேன். மாவு புளித்துவிட்டது. அலமாரியைத் துடைத்தேன், துடைக்க ஒன்றுமில்லை.

பெங்களூரிலிருந்து மகள் போன் செய்தாள். "வாக்கிங் போனியாம்மா?"

"மழை."

மழை இல்லை. சாயங்காலம் முழுக்க நல்ல வெளிச்சம், மஞ்சளாக.

அக். 26, ஞாயிறு

சேகர் மனைவி கலா வந்து நின்றாள். புடவை, கீழே அவள் பையனின் ஷூ.

"தனியா போவக்கூடாதாம். உங்ககூட நானும் நடக்கணுமாம். அவரு சொல்லிட்டாரு."

அவளுக்கே வெட்கமாக இருந்தது. பூங்காவுக்குப் போகாமல் கோட்டைக்குக் கூட்டிப்போனேன். உள்ளே புல்வெளி ஈரம். மலைக்கல் கழுவிவிட்டதுபோல் கறுப்பு. வாசலில் வாங்கிய சீத்தாப்பழத்தைக் குரங்கு அவள் கையிலிருந்தே பிடுங்கிக்கொண்டு போனது. பயப்படுவாள் என்று பார்த்தேன். சிரித்துக்கொண்டே நின்றாள்.

"கல்யாணமான புதுசுல வந்தது அக்கா. தெனம் தெருவுலேர்ந்து பாக்கறதோட சரி."

புல்லில் உட்கார்ந்தாள். புடவை நனைந்ததைப் பற்றிக் கவலைப்படவில்லை. வெளியே போகச் சொல்லி விசில் ஊதும் வரை எழவில்லை.

அக். 27, திங்கள்

பட்டியல் முடிந்தது. கலாவோடு பூங்கா. கண்டக்டர் அந்தக் கோடியில் இருந்தார். எங்களைப் பார்த்ததும் திரும்பி எதிர்ப்பக்கமாக நடந்தார். அடுத்த சுற்றில் வழியிலேயே நின்றேன்.

"இன்னா, அந்தப் பக்கமா போறீங்க?"

"உங்க கொழுந்தனாரு என் பையன் கடைக்கு வந்துட்டுப் போனாரு மேடம். மரியாதையாத்தான் பேசினாரு. உங்களுக்கு எதுக்கு வம்பு" என்றார்.

கலாதான் பேசினாள். "நான் அவரு சம்சாரம். எங்ககூடவே நடங்க, நான் சொல்லிக்கறேன்."

அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நாளைக்குப் பாக்கலாம்" என்று கேட் பக்கம் போனார். தோள் ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது, பஸ்ஸில் கண்டக்டர் பை மாட்டிய பக்கம். இத்தனை நாள் கவனிக்கவில்லை.

வரும் வழியில் கலா: "நல்ல மனுஷனாத்தான் தெரியறாரு."

தூக்கம் சரியில்லை.

அக். 28, செவ்வாய்

நல்ல காற்று. பூக்கள் ஒரு ஓரமாக ஒதுங்கிக் கிடந்தன. பூங்காவில் கூட்டம் இல்லை.

கண்டக்டர் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நடக்க வந்தவர்போல் இல்லை. கலாவோடு நேரே போய் நின்றேன்.

"நாளைக்குன்னு சொன்னீங்க."

எழுந்தார். நடந்தோம். பிறகு கலா தன் மகனின் மார்க்கைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டாள், அவர் தன் மகனைப் பற்றி. நான் கேட்டுக்கொண்டே நடந்தேன். நன்றாக இருந்தது. அவ்வளவுதான் எழுதத் தெரிகிறது.

இரண்டாவது சுற்றில் கேட் அருகே சேகரின் பைக். இறங்காமல், ஹெல்மெட்டைக் கழற்றாமல் இருந்தார். கண்டக்டர் நின்றுவிட்டார்.

"நான் கெளம்பறேன் மேடம்."

"சுத்து முடியட்டும்."

பாதை கேட்டை ஒட்டித்தான் போகிறது. போனேன். கிட்டே வந்ததும், "வண்டிய ஓரமா நிறுத்திட்டு வாங்க தம்பி. நடக்கலாம்" என்றேன். குரல் நடுங்கியது, ஆனால் வெளியே வந்துவிட்டது. சேகர் கலாவைப் பார்த்தார். கலா தரையைப் பார்க்கவில்லை.

தாண்டிப் போனேன். பின்னால் கலாவின் ஷூ சத்தம். அதற்குப் பின்னால், கொஞ்சம் தாமதித்து, கண்டக்டருடையது.

பைக் கிளம்பும் என்று காதைக் கொடுத்தபடியே நடந்தேன். வளைவு வரைக்கும் கிளம்பவில்லை. திரும்பிப் பார்க்காமல் அடுத்த சுற்றைத் தொடங்கினேன்.